நமக்கு 'வேண்டும்', அவர்களுக்கு 'லாம்'

கதவைத் தட்டுவார்கள். திறக்க வேண்டும். உள்ளே விட மறுத்தால் குற்றம். கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் குற்றம். தெரிந்தே தப்பாகச் சொன்னாலும் குற்றம். வாசல் சுவரில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று அதை அழித்தால் அதுவும் குற்றம். ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் வரை அபராதம். கந்துவட்டிக்காரன் ஆள் அனுப்பியிருக்கிறானோ என்று நடுங்க வேண்டாம். வருவது இந்திய அரசு. கையில் இருப்பது 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம். மிரட்டுவது அதன் 11ஆம் பிரிவு.

சின்னச் சட்டம்தான். ஒரு பஸ் பயணத்தில் படித்து முடித்துவிடலாம். படித்தேன். 8ஆம் பிரிவு: கேட்ட கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். 9ஆம் பிரிவு: வீட்டுக்காரர் உள்ளே விட வேண்டும், எண் எழுத அனுமதிக்க வேண்டும். 10ஆம் பிரிவு: படிவம் கொடுத்தால் நிரப்பித் தர வேண்டும். வேண்டும், வேண்டும், வேண்டும். சரி, இவ்வளவு கண்டிப்பான சட்டம் அரசையும் எங்காவது கட்டிப்போட்டிருக்குமே என்று தேடினேன். 3ஆம் பிரிவில் அகப்பட்டது. எப்போது அவசியம் என்றோ விரும்பத்தக்கது என்றோ மத்திய அரசு கருதுகிறதோ, அப்போது கணக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவிக்கலாம்.

லாம்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பத்தாண்டு என்ற சொல்லைப் பார்க்க வேண்டுமானால் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் போக வேண்டும். அதன் 27ஆம் பிரிவு, ஆசிரியரைப் பாடம் நடத்துவது தவிர வேறு வேலைக்கு அனுப்பாதே என்கிறது. உடனே மூன்று விலக்கு: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. ஆக, பத்தாண்டுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது டீச்சருக்குத் தெரியும். அனுப்ப வேண்டியவருக்கு மட்டும் தெரியாது.

வெள்ளைக்காரன் 1881இல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் தலை எண்ண ஆரம்பித்தான். அதிலிருந்து 2011 வரை 14 முறை எண்ணினோம். 1918இல் விஷக்காய்ச்சல் வந்து லட்சம் லட்சமாக ஜனங்களை வாரிக்கொண்டு போனது. 1921இல் எண்ணினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1941இல் எண்ணினார்கள். 1981இல் அசாமிலும், 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் நிலைமை சரியில்லை என்று விட்டார்கள். அப்போதுகூட மற்ற இடங்களில் எண்ணினார்கள். பஞ்சம், போர், பிரிவினை எதுவும் நிறுத்தாத கணக்கை 2021இல் நிறுத்தினோம்.

கொரோனா என்றார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கவேண்டிய வீட்டுக் கணக்கெடுப்பை ஒத்திவைத்தார்கள். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஊரே அடைந்து கிடந்தது. ஆனால் அதே கொரோனா 2021 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளாவை ஒன்றும் செய்யவில்லை. அதே மாதம் 6ஆம் தேதி தமிழ்நாட்டில் நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். நம் விரலுக்கு மை வைக்கும்போது வராத தொற்று, நம் தலையை எண்ணும்போது மட்டும் வந்துவிடுமாம். விரலுக்கு மதிப்பு உண்டு. தலைக்குக் கிடையாது.

2022இலும் எண்ணவில்லை. 2023இலும் எண்ணவில்லை. 2024இல் நேரம் இருந்தது. 64 கோடிப் பேர் வாக்களித்த நாடாளுமன்றத் தேர்தலை ஏழு கட்டமாக நடத்தும் அளவுக்கு நேரம் இருந்தது. கணக்கெடுப்புக்கு மட்டும் இல்லை. மாவட்ட, தாலுகா எல்லைகளை மாற்றாமல் உறையவைத்தால்தான் கணக்கெடுப்பைத் தொடங்க முடியும். அந்த உறைதேதியைத் தள்ளித் தள்ளி 2024 ஜூன் 30 வரை கொண்டுவந்தார்கள். தள்ளிவைக்கும் ஆணைகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. இதற்குள் நேபாளம் 2021இல் எண்ணி முடித்தது. பங்களாதேஷ் 2022இல் எண்ணியது. பாகிஸ்தான், கடன் வாங்கிக் கரண்ட் பில் கட்டும் பாகிஸ்தான், 2023இல் டேப்லெட்டை வைத்துக்கொண்டு எண்ணியது. நாம் நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கலம் இறக்கினோம். அங்கே ஜனங்கள் இல்லை. எண்ண வேண்டிய வேலையும் இல்லை.

2023இல் சீனாவை முந்திவிட்டோம் என்று மார்தட்டினோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கணக்கு நம்முடையது அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. 142 கோடியே 86 லட்சம் என்றார்கள். நம் வீட்டில் எத்தனை பேர் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் குடும்பத்தலைவரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒரு குடும்பத்தலைவர் ஊர்க்கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றதுதான் 2023.

எண்ணாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்கலாம். சோறு போயிற்று. 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மலிவு தானியம் தர வேண்டும் என்றது. எத்தனை பேர்? 2011 கணக்கை வைத்து 81 கோடியே 35 லட்சம் என்று முடிவானது. அந்த எண் அங்கேயே நிற்கிறது. அதே 67 சதவீதத்தை ஐநா சொன்ன 142.86 கோடியால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 95 கோடியைத் தாண்டும். இடையில் விட்டுப்போனவர்கள் ஏறத்தாழ 14 கோடிப் பேர். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்பதால் நமக்கு அதன் உறைப்பு அதிகம் தெரியாது. பிகாரிலும் ஜார்க்கண்டிலும், 2011க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு வயிறு உண்டு, ரேஷன் கார்டில் இடம் இல்லை.

இப்போது கேள்வித்தாளைப் பாருங்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் முக்கியமாக உண்ணும் தானியம் எது? பதினைந்து வருடமாக எண்ணாமல் யாருடைய தட்டைக் காலியாக வைத்தார்களோ, அவர் வீட்டு வாசலில் நின்று, நீங்கள் சாப்பிடுவது அரிசியா கோதுமையா என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டும். கோபத்தில் சொல்ல மறுத்தால் 1,000 ரூபாய்.

2011 கணக்கு மார்ச் 1ஆம் தேதி நள்ளிரவைக் குறிநேரமாக வைத்து எடுத்தது. அதற்கு மறுநாள் பிறந்த பெண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்டாள். பள்ளிக்கூடம் போனாள். கொரோனாவில் கைப்பேசியில் பாடம் படித்தாள். பத்தாவது எழுதினாள். பிளஸ் ஒன் சேர்ந்தாள். ஆதார் கார்டு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, இன்ஸ்டாகிராம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் அவள் இன்னும் பிறக்கவில்லை. 2027 மார்ச் 1ஆம் தேதி நள்ளிரவைக் குறிநேரமாக வைத்து எண்ணும்போது, பதினாறாவது வயதில் பிரசவமாகிறாள். இவ்வளவு நீண்ட கர்ப்பத்தை எந்த ஆஸ்பத்திரியும் பார்த்ததில்லை.

செலவைக் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்கிறேன். 2019 டிசம்பரில் அமைச்சரவை 8,754 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. எண்ணவில்லை. 2025 டிசம்பரில் 11,718 கோடிக்கு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 3,000 கோடி கூடிவிட்டது. வீட்டுக் கணக்கெடுப்பின் கேள்விகளும் கூடின. 2020 ஜனவரியில் அரசிதழில் வந்தவை 31. 2026 ஜனவரியில் வந்தவை 33. ஆறு வருடம் உட்கார்ந்து யோசித்ததில் இரண்டு கேள்வி. மூன்று வருடத்துக்கு ஒரு கேள்வி. இந்த வேகத்தில் வினாத்தாள் தயாரித்தால் நம் டீச்சர்களுக்கு மெமோ கொடுப்பார்கள்.

சரி, ரகசியத்துக்கு வருவோம். சட்டத்தின் 15ஆம் பிரிவு அருமையானது, நக்கலாகச் சொல்லவில்லை. கணக்கெடுப்பில் நீங்கள் சொன்னதை யாரும் பார்க்க உரிமை இல்லை. கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட முடியாது, இந்தச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கைத் தவிர. உங்கள் மாமனார் சொத்து வழக்கில்கூட அதை இழுக்க முடியாது. தகவலை வெளியே விட்ட கணக்கெடுப்பாளருக்கு அபராதத்தோடு மூன்று வருடம் வரை சிறை. படித்ததும் நெஞ்சு நிறைந்தது. பிறகு, அந்த மூன்று வருடம் யாருக்கு என்று பார்த்தேன். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வரும் டீச்சருக்கு. பள்ளி முடிந்து, வீட்டு வேலை முடிந்து, நம் தெருவில் நாய்க்குப் பயந்து வரும் அந்த டீச்சருக்கு.

பெரிய இடத்தில் ஒழுகினால்? 2017இல் தகவல் அறியும் உரிமையின்கீழ் கேட்டபோது ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது: ஏறத்தாழ 210 அரசு இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தன. 210 தளம். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் உறுதி தந்தார்: ஆதார் தகவல் இருக்கும் வளாகத்தின் மதில் 13 அடி உயரம், 5 அடி கனம். நீதிபதிகள் இணையத்தில் ஒழுகுவதைக் கேட்டார்கள். அவர் கொத்தனார் கணக்கைக் கொடுத்தார். 13 அடி மதிலை ஏறிக் குதித்து ஆதார் எண்ணை மூட்டை கட்டித் தூக்கிப் போகிறவனைப் பிடிக்க நாடு தயார். 2023இல் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்களை டெலிகிராமில் ஒரு பாட் கேட்டதற்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது. ஆதாரமற்ற, விஷமத்தனமான செய்தி என்றது சுகாதார அமைச்சகம். விஷமம் செய்தது செய்திதான். கசிவு பாவம், அப்பாவி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதைக் காக்க 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். மத்திய அரசு விரும்பினால் எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்கலாம். மறுபடியும் லாம். புள்ளிவிவரப் பணிக்குத் தனி விலக்கு. உங்களுக்கு? உங்களுக்குக் கடமைகள் உண்டு. பொய்ப்புகார், அற்பப்புகார் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். தனியுரிமையைக் காக்க வந்த சட்டத்திலும் நமக்கு ஒரு அபராதம் எடுத்துவைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப்பை கொடுப்பதுபோல, எந்தச் சட்டத்துக்குள் போனாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

இன்னொரு சாமர்த்தியம் உண்டு. 2010இல் வீட்டுக் கணக்கெடுப்புக்கு வந்தவர் கையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று கணக்கெடுப்புப் படிவம். மற்றது தேசிய மக்கள்தொகைப் பதிவேடு. அதே டீச்சர், அதே திண்ணை, அதே டம்ளர் தண்ணீர். முதல் காகிதத்துக்கு 15ஆம் பிரிவின் பூட்டு உண்டு. இரண்டாவது குடியுரிமைச் சட்டத்தில் பிறந்தது. அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அபராதத்தில் மட்டும் பாரபட்சம் இல்லை. குடியுரிமை விதிகள் 2003இன் 17ஆம் விதியிலும் அதே 1,000 ரூபாய். எந்தக் காகிதத்தில் சொன்னது ரகசியம், எதில் சொன்னது ரகசியம் இல்லை என்று எத்தனை வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருக்கும்? பாட்டியை விடுங்கள். எத்தனை தாசில்தாருக்குத் தெரிந்திருக்கும்?

நம் ரகசியத்தில் இத்தனை ஓட்டை. அவர்கள் ரகசியத்தைப் பாருங்கள், அங்கேதான் நிஜமான 13 அடி மதில். 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஏறத்தாழ 4,900 கோடி செலவானது. சாதி விவரம் வெளிவரவில்லை. 1931இல் 4,147 சாதிகள் இருந்தன, இப்போது மக்கள் 46 லட்சம் பெயர் சொல்லிவிட்டார்கள், பிழை மலிந்தது, பயன்படாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்னது. கேட்கத் தெரியாமல் கேட்டு, எழுதத் தெரியாமல் எழுதி, கடைசியில் குற்றம் பதில் சொன்னவன்மீது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வு வந்தது. தரவின் தரம் சரியில்லை என்று 2019இல் அதையும் மூடினார்கள். அதே ஆண்டு வேலையின்மை அறிக்கை தேர்தல் முடியும்வரை வெளிவரவில்லை. தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனன் பதவியை விட்டே வெளியேறினார். நீங்கள் உங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பற்றிச் சொல்ல மறுத்தால் குற்றவாளி. அவர்கள் நாட்டின் வேலையின்மையைச் சொல்ல மறுத்தால் அது நிர்வாகம்.

சட்டம் இருக்கிறதே, 15ஆம் பிரிவு இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவிலும் கணக்கெடுப்பு ரகசியம் என்றுதான் சட்டம். 1942இல் போரைக் காரணம் காட்டி இன்னொரு சட்டம் போட்டு அந்த ரகசியத்தைத் தளர்த்தினார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் எந்தத் தெருவில், எந்தப் பகுதியில் நெருக்கமாக வாழ்கிறார்கள் என்ற கணக்கு ராணுவத்துக்குப் போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகாமில் அடைத்தார்கள். 1943இல் வாஷிங்டன் வட்டாரத்தில் தனித்தனிப் பெயர்களே கைமாறியதை 2007இல் ஆய்வாளர்கள் ஆவணத்தோடு காட்டினார்கள். ஒரு சட்டம் போட்ட பூட்டை இன்னொரு சட்டம் திறக்கும். சாவி எப்போதும் ஆளுங்கட்சியின் இடுப்பில்.

முழுச் சட்டத்திலும் நமக்கென்று ஒரே ஒரு சலுகை இருக்கிறது. 8ஆம் பிரிவின் வால். ஒருவர் தன் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண், வழக்கம் தடுத்தால், தன் கணவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் எழுதியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. பெண்ணின் பெயரை மறைக்க உரிமை கொடுத்த சட்டம், பெண்ணுக்குச் சீட்டுக் கொடுக்கும் சட்டத்தோடு எப்படிக் கைகோத்தது பாருங்கள். 2023இல் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு என்று மேளதாளத்தோடு நிறைவேற்றினார்கள். அடுத்த கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறை நடந்து, அதற்குப் பிறகுதான் அமல் என்று அதிலேயே எழுதினார்கள். வாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, நெல் விதைக்கப் போனார்கள்.

அந்த மறுவரையறையில்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாநிலங்களுக்கான நாடாளுமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகையில் நிறுத்திவைத்தார்கள். 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை மாற்றமில்லை என்று 2001இல் அரசமைப்பைத் திருத்தினார்கள். கணக்கெடுப்பு 2021இல் நடந்திருந்தால் அது 2026க்கு முன். தள்ளித் தள்ளி 2027 மார்ச் 1க்கு வந்தது. இப்போது 2026க்குப் பின். தற்செயல்தானாம். நம்பிவிடுவோம். அளவோடு பெறச் சொன்னார்கள், பெற்றோம். சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள், மதித்தோம். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைக்கு 39 மிட்டாய். கேட்காத பிள்ளைக்கு எத்தனை என்பது இனிமேல் தெரியும். எண்ணாமல் இருந்தபோது நம் தட்டுக்கு ஆபத்து. எண்ண வரும்போது நம் சீட்டுக்கு ஆபத்து.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு குடிமகன் பதில் சொல்ல மறுத்தால் 1,000 ரூபாய். 2011இல் நாம் 121 கோடிப் பேர். அத்தனை பேரையும் 2021இல் கேட்க மறுத்தார்கள். தலைக்கு ஆயிரம் என்று அதே தராசில் போட்டால் 1,21,000 கோடி ரூபாய் நமக்கு வரவேண்டும். வழக்குப் போடலாமா? முடியாது. 12ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மாநில அரசின் அல்லது அது அதிகாரம் கொடுத்தவரின் முன் அனுமதி வேண்டும். ஓர் அரசைக் கூண்டில் ஏற்ற இன்னோர் அரசிடம் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். போடலாம்தான். நீதிமன்றக் கட்டணத்துக்கு முன்னால் ஒரு நல்ல ஜோசியரைப் பாருங்கள்.

டீச்சர் வருவார். அவரிடம் எரிந்துவிழாதீர்கள். நிழலில் உட்காரவைத்து மோர் கொடுங்கள். 33 கேள்விக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை அவர்களைவிட நமக்குத்தான் தேவை. சுவரில் எழுதிய எண்ணை மழையிலிருந்து காப்பாற்றுங்கள், 1,000 ரூபாய் விஷயம். அவர் எழுந்து போகும்போது பிளஸ் ஒன் படிக்கும் பெண் கேட்பாள்: "அடுத்த தடவை எப்ப வருவீங்க டீச்சர்?" கணக்குப்படி 2031. முறைப்படி வர வேண்டும்.

3ஆம் பிரிவின்படி, வரலாம்.